கிதர் முகம்மதுவின் ஸ்கேன் வைத்தியம்

பேகம்பூர் தோல் மண்டியில் கிதர் முகம்மது கண்ணை மூடித் தடவியே தோலுக்குத் தரம் சொல்வார். 2004-இல் அந்த வலது கை மெலிந்து, சட்டைப் பித்தான் போடக்கூட மக்கர் செய்தது. மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் இவரை வெளியே உட்காரவைத்து, தம்பி மன்சூரிடம் பேசினார். நம் ஊர் வழக்கம் அதுதானே, நோய் ஒருவருக்கு, விவரம் இன்னொருவருக்கு.

"நரம்புத் தளர்ச்சிதாண்ணே. ஆறு மாசத்துக்கு ஒருக்கா மூளைக்கு மெஷின் வச்சாச் சரியாப் போயிரும்" என்றான் மன்சூர். ஆஸ்பத்திரியில் நீட்டிய படிவத்தில் அண்ணனின் விரலைப் பிடித்துக் கைநாட்டு வைத்ததும் அவன்தான். என்ன எழுதியிருக்கிறது என்று இவர் கேட்கவில்லை. கூடப் பிறந்தவனிடம் யார் கேட்பார்கள்?

ஸ்கேன் மெஷினுக்குள் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு படுத்திருப்பார். அசைந்தால் வைத்தியம் பிடிக்காதென்று நினைப்பு.

அடுத்த வருஷம் பேச்சு குழறியது. மகள் நஸீராவுக்குச் சவுதியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அமைந்திருந்த நேரம். நிக்காஹ் சபையில் பெண்ணைப் பெற்றவர் சொல்லும் 'கொடுத்தேன்' என்ற வார்த்தையைத் தன் வாயால் சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. "இன்னும் ரெண்டு மெஷின் வச்சா நாக்குத் திரும்பிரும். கல்யாணத்தத் தள்ளி வைப்போம்" என்றார்.

"சரிண்ணே" என்றான் எல்லாம் தெரிந்த மன்சூர். இரண்டு தடவை தள்ளிப்போனது.

2006-இல் ஸ்கேனுக்குப் போனபோது, இவரைப் போலவே கை மெலிந்து ஸ்கேனுக்கு வரும் சேவுகம்பட்டி பொம்மையன் செத்துப்போன செய்தி கிடைத்தது. "அவனுக்கும் மெஷின் வச்சீங்களே, ஏம்மா பிழைக்கல?" என்று ஸ்கேன் அறை டாக்டரம்மாவிடம் மூன்று தடவை குழறிக் கேட்டார்.

"ஐயா, இது வைத்தியமில்ல. ஒரே நோய் அவருக்கு வேகமாவும் உங்களுக்கு மெதுவாவும் ஏன் போகுதுன்னு மூளையப் படமெடுத்துப் பாக்குற ஆராய்ச்சி. இதைக் குணமாக்க மருந்து இல்ல. வீட்ல சொல்லலையா?"

திரும்பும் பஸ்ஸில் தம்பியைக் கேட்டார். "உனக்குத் தெரியுமா?"

"நீங்க மனசொடிஞ்சிருவீங்கன்னுதாண்ணே..."

"நாக்கு நல்லா இருந்தப்பச் சொல்லியிருந்தா, கல்யாணத்த முடிச்சிருப்பேனடா."

மன்சூர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பகையாளி செய்திருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

உடனே நாள் குறிக்கச் சொல்லியும், சவுதியிலிருந்து மாப்பிள்ளை வர நாலு மாதம் ஆனது. அதற்குள் பேச்சு அடியோடு நின்றுவிட்டது. சபையில் இமாம் குனிந்து கேட்டார். "உங்களுக்குப் பதிலாத் தம்பி சொல்லலாமா பாய்?"

தலையை ஆட்ட இன்னும் வலு இருந்தது. மகளுக்காக ஆட்டினார்.

மன்சூர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, "கொடுத்தேன்" என்றான்.