மூன்றாவதாகக் காணாமல் போன கார்

அந்தச் சீசனில் குற்றாலத்தில் மூன்று கார்கள் காணாமல் போயின. மூன்றாவது என் தம்பி ஓட்டிய கார்.

முதல் இரண்டும் வெளியூரிலிருந்து குளிக்க வந்தவர்களுடையவை. அருவிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால் நிறுத்திய இடத்தில் வண்டி இல்லை. அப்போது செங்கோட்டை திருவாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தென்காசியை விட்டு அரைமணி நேரம் ஓட்டினால் வேறு ராஜ்யம், வேறு போலீஸ். எல்லையைத் தாண்டிய வண்டிக்கு நம்பரையும் பெயின்டையும் மாற்றிவிட்டால் மலைக்கு அந்தப் பக்கம் யாராவது வாங்கிக்கொள்வார்கள். இது ஊருக்கே தெரிந்திருந்தது. மூன்றாவதும் அப்படித்தான் போயிற்று என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

தம்பியின் முதலாளி தென்காசியில் மரக்கடை வைத்திருந்தார். குற்றாலத்தில் அவருக்கு ஒரு பங்களா இருந்தது. சம்பவத்தன்று மத்தியானம் தம்பி பங்களாவின் கொட்டகையில் வண்டியை விட்டுப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறான். நல்ல சாரல். திரும்பி வந்தபோது கொட்டகை காலியாக இருந்தது. சாவி அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. பூட்டு உடையவில்லை, சாவியும் அவனிடம்தான் இருக்கிறது என்றால் வேறு யார் என்று கேட்டார் சப் இன்ஸ்பெக்டர். திருட்டுக் கும்பலுக்கு உள்ளாள் இவன்தான் என்று முடிவு கட்டி, மூன்று கேஸையும் அவன் தலையில் வைத்து, சப் ஜெயிலில் அடைத்துவிட்டார்கள்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கல்யாணமான இரண்டாம் வருஷமே கணவர் காலராவில் இறந்துவிட்டார். எங்கள் ஊரான மேலகரத்துக்கு என்னைத் திரும்பக் கூட்டிவந்து, தன் டிரைவர் சம்பளத்தில் டீச்சர் டிரெயினிங் படிக்க வைத்தவன் இந்தத் தம்பி. அம்மாவும் அப்பாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஜாமீன் நிற்க நிலம் உள்ள ஆட்களைத் தேடி நான்கு வீடு ஏறினேன். மரக்கடைக்காரரைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லை.

சனிக்கிழமை அவனைப் பார்க்கப் போனேன். தாடி வளர்ந்து, கண் உள்ளே போயிருந்தது. திருடன் பெயர் வாங்கிவிட்டோமே என்பதைவிட, முதலாளியின் வண்டியைத் தொலைத்துவிட்டோமே என்றுதான் அவன் வருத்தப்பட்டான். எனக்கு எரிச்சலாக வந்தது. அவருக்கு எவ்வளவு நஷ்டம் என்று கேட்டேன்.

"அவருக்கு என்னக்கா நஷ்டம்? கம்பெனி குடுத்துரும்லா."

எந்தக் கம்பெனி என்று கேட்டேன். வண்டியை இன்ஷூர் செய்து மூன்று மாசம் ஆகிறதாம். ஏஜெண்டு வந்து பார்த்தபோது வண்டியைத் துடைத்துப் புதுசு போல நிறுத்தச் சொன்னாராம் முதலாளி. இஞ்சின் தேய்ந்து போயிற்று, பெரிய ரிப்பேர் பார்க்க வேண்டும் என்று தம்பி அதற்கு முன்பே அவரிடம் சொல்லியிருக்கிறான். இன்னொரு சாவி எங்கே என்று கேட்டேன். அது போன வருஷமே தொலைந்துவிட்டதாக முதலாளி சொன்னாராம்.

சப் ஜெயிலிலிருந்து மேலகரத்துக்கு நடந்தே வந்தேன். நடக்க நடக்க எனக்கு விஷயம் தெளிவாகிக்கொண்டு வந்தது. ஊரில் இரண்டு கார் களவு போயிருக்கிறது. மூன்றாவது போனால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அதுவும் இன்ஷூர் செய்த கார். தம்பியை உள்ளே தள்ள வேண்டும் என்று முதலாளி திட்டம் போட்டிருக்க மாட்டார். ஆனால் அவன் பிடிபட்டது அவருக்கு வசதியாகிவிட்டது. அதை நினைத்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. அழுகை அன்றோடு நின்றது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ரயிலில் செங்கோட்டைக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் புளியறைக்குப் போனேன். மலை ஏறுமுன் லாரிக்காரர்களும் கார்க்காரர்களும் அங்கேதான் நிறுத்திச் சாப்பிடுவார்கள். முதலாளியின் கறுப்புக் காரை அன்று பார்த்தார்களா என்று ஒவ்வொரு சாப்பாட்டுக்கடையாகக் கேட்டேன். மூன்று கடையில் கையை விரித்தார்கள். நாலாவது கடையை நடத்தியவள் மலையாளம் கலந்த தமிழ் பேசினாள். கறுப்புக் கார் ஒன்று சாரலில் வந்து நின்றதும், ஒற்றை ஆளாக ஓட்டி வந்தவன் அவசரமாகச் சாப்பிட்டதும் அவளுக்கு நினைவிருந்தது. காரணம், சோற்றைப் பிசைய அவன் பட்ட பாடு.

"வலக்கையில ரெண்டு விரல் இல்லாத்த ஆளு" என்றாள்.

முதலாளியின் அக்கா மகன் மரக்கடையில் ரம்பம் ஓட்டுகிறவன். இரண்டு விரல்களை அந்த ரம்பத்தில் இழந்தவன். அவனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே என் தம்பிதான்.

சப் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். சோற்றுக்கடைக்காரி பேச்சை நம்பி திருவாங்கூர் எல்லைக்குள் தான் போக முடியாது என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம்தான். தம்பி சொல்வதையும் நான் சொல்வதையும் கேட்க யாருக்கும் அவசியம் இல்லை. இந்தக் கார் திருடு போகவில்லை என்று தெரிந்தால் லாபம் அடையப்போவது ஒரே ஒரு இடம்தான், பணம் கொடுக்க வேண்டிய கம்பெனி. மதராஸ் விலாசத்தைத் தம்பியிடம் கேட்டு வாங்கிக் கடிதம் எழுதினேன். இங்கிலீஷில் எனக்கு விண்ணப்பம் போடத் தெரியும், குற்றம் சாட்டத் தெரியாது. அதனால் தமிழிலேயே எழுதினேன். கீழே என் பெயரையும் பள்ளிக்கூட விலாசத்தையும் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, மூடின கழுத்துக் கோட்டுப் போட்ட நடுவயதுக்காரர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கம்பெனியின் விசாரணை ஆள்.

"எங்களுக்கு வர்றதெல்லாம் மொட்டைக் கடுதாசிம்மா. நீங்க பேரைப் போட்டிருந்தீங்க. அதான் வந்தேன்" என்றார்.

நம்பரும் பெயின்டும் மாறியிருந்தால் வண்டியை எப்படி அடையாளம் காட்டுவீர்கள் என்று கேட்டார். அந்தக் காருக்கு மடக்குகிற கான்வாஸ் கூரை. போன தை மாசம் ஒரு மரக்கிளை பட்டுக் கிழிந்தபோது, தம்பி அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஒட்டுப் போட்டுத் தைத்தது நான். அதைச் சொன்னதும் அவர் ஒரு தாளை நீட்டி, ஒட்டு எப்படி இருக்கும் என்று வரையச் சொன்னார். முக்கோணம், டிரைவர் தலைக்குப் பின்னால், உட்பக்கம். இரண்டு பக்கம் கறுப்பு நூல். நூல் தீர்ந்துபோனதால் மூன்றாவது பக்கம் வெள்ளை நூல். அவர் தாளில் தேதி போட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பள்ளி மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். விதவைப் பெண் போலீஸ், கம்பெனி என்று அலைவது பள்ளிக்கூடத்துக்கு அழகில்லை என்றார். அலையாமல் இருக்க வேண்டுமானால் தம்பி வெளியே வர வேண்டும் என்று சொல்லிவிட்டு, கம்பெனிக்காரரோடு போவதற்காகத் திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன்.

அதற்குள் கம்பெனிக்காரர் திருவாங்கூர் பக்கம் விசாரித்து வைத்திருந்தார். ரயிலில் மலையைத் தாண்டிப் புனலூரில் இறங்கினோம். அங்கே வாடகைக்கு ஓடிய பச்சைக் கார் ஒன்றைக் காட்டினார். எனக்கு அது அந்தக் கார் மாதிரியே தெரியவில்லை. உள்ளே ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அண்ணாந்து பார்த்தேன். என் தையல் இருந்தது. வெள்ளை நூல் மட்டும் அழுக்கேறியிருந்தது. கம்பெனிக்காரர் தாளை எடுத்து ஒட்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். இறங்கி, இஞ்சின் மூடியைத் திறந்து நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

அந்தக் காரை வாங்கியிருந்தவன் சின்னப் பையன் மாதிரி இருந்தான். மனைவியின் நகைகளை விற்று வாங்கியதாம். நடந்தது புரிந்ததும் மட்கார்டைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். என் தம்பியை மீட்க வந்த சந்தோஷம் எனக்கு அந்த இடத்தில் முழுசாக இல்லை.

முதலாளி சாமர்த்தியமாகத் தப்பித்துக்கொண்டார். அக்கா மகன் தனக்குத் தெரியாமல் விற்றுவிட்டான் என்றார். கம்பெனியிடம் பணம் கேட்டதை வாபஸ் வாங்கிக்கொண்டார். அந்த அக்கா மகன் அதற்குள் கொழும்புக்குக் கப்பல் ஏறியிருந்தான். மற்ற இரண்டு காருக்கும் தம்பி மேல் சாட்சி எதுவும் இல்லாததால், அவனை நாற்பத்தொரு நாள் கழித்து விட்டார்கள். மறுநாளே வேலைக்கு வரலாம் என்று மரக்கடையிலிருந்து ஆள் வந்தது. சம்பளமும் கூடுதலாம்.

தம்பி போகத் தயாராக இருந்தான். அவன் களைத்துப் போயிருந்தான், எல்லாம் பழையபடி ஆனால் போதும் என்றிருந்தான். நான் விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே மரக்கடைக்குப் போனேன்.

"இவன் திருடலைன்னு எழுதிக் குடுங்க முதலாளி" என்றேன்.

"கேசே இல்லைன்னு ஆயிட்டு. இன்னும் என்னத்துக்கு டீச்சரம்மா கடுதாசி?"

"நாளைக்கு இவன் எங்கன வேலைக்குப் போனாலும் ஜெயிலுக்குப் போனவன்னுதான் சொல்லுவாங்க. கேஸ் இல்லாம போனதை யாரும் சொல்ல மாட்டாங்க."

பிறகு பார்க்கலாம் என்றார். நான் அங்கேயே ஒரு பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டேன். கடை அடைக்கும் வரை இருந்தேன். மறுநாளும் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் மரம் வாங்க வந்தவர்கள், இந்த அம்மா எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர் தாளை எடுத்து எழுதினார். வாங்கிப் படித்தேன். டிரைவரின் கவனக்குறைவால் வண்டி காணாமல் போனதாக எழுதியிருந்தது. அந்த வரியை அடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அடித்தல் இல்லாமல் வேறு தாளில் எழுதச் சொன்னேன். எழுதினார்.

தம்பி அந்த வேலைக்குத் திரும்பவில்லை. கடிதத்தைக் காட்டித் திருநெல்வேலிக்குப் போகிற பஸ்ஸில் டிரைவராகச் சேர்ந்தான். பிறகு வந்த உலகச் சண்டைக்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி, அதன் வாயுவில் ஓட்டினார்கள். அதையும் ஓட்டினான். அந்த நாற்பத்தொரு நாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வருஷ முடிவில் பள்ளி மேனேஜர் என்னை வேண்டாம் என்றுவிட்டார். வடக்கே திருவேங்கடம் என்கிற சின்ன ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அருவியும் சாரலும் இல்லாத கரிசல் பூமி. பழகிக்கொண்டேன்.

அங்கே போன முதல் மாசமே கம்பெனிக்காரருக்கு எழுதினேன். புனலூர்க்காரனுக்கு அவன் பணம் திரும்பக் கிடைத்ததா என்று கேட்டிருந்தேன். பதில் இல்லை. மறுபடியும் எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்தது: மரக்கடைக்காரர் பாதி கொடுத்திருக்கிறார், மீதிக்குத் தவணை கேட்டிருக்கிறார். தவணை எப்போது முடிகிறது என்று கேட்டு அன்றைக்கே நாலாவது கடிதம் போட்டேன்.