உதட்டுச்சாயப் பெட்டியில் ஒரு வசவு

கடை திறந்ததும் நான் செய்யும் முதல் வேலை, உதட்டுச்சாயப் பெட்டிகளைத் திருப்பி வைப்பது. முன்பக்கம் சுவரைப் பார்க்கும், பின்பக்கம் வாடிக்கையாளரைப் பார்க்கும். பத்தரை மணிக்கு மேலாளர் லொரெய்ன் வந்து அத்தனையையும் மறுபடி நேராக்கிவிடுவாள். இங்கிலாந்தின் கவென்ட்ரியில், மருந்தும் அழகுப்பொருளும் விற்கும் கடையொன்றில் மூன்று மாதமாக இந்தக் கூத்து நடக்கிறது. பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில், தயாரித்த இடம் அம்பத்தூர் தொழிற்பேட்டை, சென்னை என்று இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்த கொரட்டூருக்குப் பக்கத்து ஊர். முன்னால், தங்க எழுத்தில் அந்த நிறத்தின் பெயர். அதை இங்கே எழுத மாட்டேன். உடம்பை விற்பவள் என்று ஒரு பெண்ணை ஏசுவதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் அது. மொத்தம் நான்கு நிறங்கள், நான்கும் அந்த வகை வசவுதான்.

கல்லாவுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அந்தப் பெயரைச் சொல்லி, ‘போட்டுப் பார்த்தீர்களா’ என்று கேட்க வேண்டும். தலைமை அலுவலகத்தின் உத்தரவு. இது கெட்ட வார்த்தை என்று லொரெய்னிடம் சொன்னேன். எனக்கு ஆங்கிலம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு, தோளில் கை வைத்து, பொறுமையாக அதன் பொருளை விளக்கினாள்! பொருள் புரிந்ததுதான் பிரச்சினை என்றேன். “சும்மா ஒரு குறும்பு, டியர். உங்கள் ஊர்ப் பெண்கள்தானே இந்த லிப்ஸ்டிக்கைத் தயாரிக்கிறார்கள்? அவர்களுக்கே உறுத்தவில்லையே” என்றாள். தங்களை அப்படி அழைத்துக்கொள்வதில் பெருமைப்படுகிறவர்கள் படட்டும், அது அவரவர் வாய். என் வாயில் ஏன் திணிக்க வேண்டும்? நான் ‘புதிய லிப்ஸ்டிக்’ என்று மட்டும் சொல்லி வந்தேன். எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. மூன்று சேர்ந்தால் வேலை போய்விடும்.

அந்தச் சொல்லைத் தமிழில் நான் முதலில் வாங்கியது பத்தொன்பது வயதில். உறவினர் வீட்டுக் கல்யாண வரவேற்புக்குப் போக, வாழ்க்கையில் முதல்முறையாக உதட்டுச்சாயம் பூசியிருந்தேன். கொரட்டூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூடவே என் பள்ளித்தோழி வசந்தா. சைக்கிளில் காலூன்றி நின்ற ஒருவன் என் உதட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவனிடம் அந்தச் சொல்லைச் சத்தமாகவே சொன்னான். கேட்டில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். வசந்தா மட்டும் திரும்பி, “ஊட்டுக்குப் போயி உங்கம்மாவாண்ட சொல்லுடா இத்த!” என்று கத்தினாள். நான் துப்பட்டாவால் உதட்டைத் தேய் தேய் என்று தேய்த்தேன். அதற்குப் பின் பல வருடங்கள் உதட்டுச்சாயத்தைத் தொடவே இல்லை. அன்று சாயம் பூசியதற்காக அந்தச் சொல்லை எறிந்தார்கள். இன்று அதே சொல்லைச் சாயத்தின் மேலேயே அச்சடித்து என்னையே விற்கச் சொல்கிறார்கள். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான்.

இந்த முறை ஊருக்குப் போனபோது அந்தப் பெட்டி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டேன். வசந்தாவின் அப்பா ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட நிலம் எப்போதோ மனைகளாகிவிட்டது. அவள் பல வருடங்களாகத் தொழிற்பேட்டையில் ஒரு பேக்கிங் கம்பெனியில் இருக்கிறாள். வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தவள், என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

“இத்த எதுக்குடி அங்கேர்ந்து தூக்கினு வந்த? டெய்லி இத்தத்தான பாத்துக்கினு கீறேன்.”

“அதுல இன்னா எழுதிகீதுன்னு தெரியுமா?” என்றேன். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் என் வாயில் ‘இன்னா’ தானாக வந்து உட்கார்ந்தது.

“ஏன், நீ மட்டுந்தான் இங்கிலீசு படிச்சியா? எம் பொண்ணு மொத நாளே சொல்ட்டா. பத்திக்கினு வந்துச்சு. சூப்பர்வைசராண்ட போயி கேட்டோம். ‘வெளிநாட்டு ஆர்டரும்மா, அங்க யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க’ன்ட்டான்.”

அங்கே இவர்களைக் காட்டி என் வாயை அடைக்கிறார்கள், இங்கே எங்களைக் காட்டி இவர்கள் வாயை.

வசந்தா விடவில்லை. அவர்கள் வரிசையில் ஒரு தட்டு நிரம்பியதும் நிறத்தின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். கடைசியில் உட்கார்ந்திருப்பவள் அதைக் கேட்டுக் குறித்துக்கொள்வாள். “மொத தட்டு ரொம்புச்சு. சூப்பர்வைசரு ‘பேரச் சொல்லு, பேரச் சொல்லு’ன்னு பல்ல காட்டிக்கினு நிக்கிறான். ‘நாவப்பழம்’னு கத்தினேன். கலரு அப்டித்தான கீது? பின்னாடியே ஒருத்தி ‘செங்கல்’லுன்னா, இன்னொருத்தி ‘பீட்ரூட்’டுன்னா. ரெண்டு நாளு குதிச்சான். கணக்குல ஒரு தட்டுகூட மாறிப் போவல, அடங்கிட்டான்.”

“வேலைய உட்டுத் தூக்கிருந்தா?”

“பதினாலு பேரு கத்தினோம். யாரத் தூக்குவான்?”

“நான் அங்க ஒருத்திதான்டி.”

அவள் பெட்டியை என் கையில் திரும்பக் கொடுத்தாள். “அவன் பேரு வெச்சா வெச்சினு போறான். கூப்புடறது நாமதான?” என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று கேட்டிலும் அவள்தான் திருப்பிக் கத்தினாள், நான் துடைத்துக்கொண்டுதான் நின்றேன். பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பதும் துடைத்துக்கொள்வதுதானே?

திரும்பி வந்து வேலையில் சேர்ந்த முதல் நாள், வேண்டுமென்றே லொரெய்ன் என் பக்கத்தில் வந்து நின்றாள். கல்லாவில் ஓர் அம்மாள் ஷாம்பூ வாங்கினார். பெட்டியை எடுத்து நீட்டி, “எங்கள் புதிய நாவப்பழம் போட்டுப் பார்த்தீர்களா?” என்று, பழத்தின் பெயரை மட்டும் தமிழிலேயே விட்டு ஆங்கிலத்தில் கேட்டேன். அது என்னவென்று கேட்டார். எங்கள் ஊர்ப் பழம், தின்றால் நாக்கெல்லாம் ஊதாவாகும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார்.

அவர் போனதும் லொரெய்ன் உள்ளறைக்கு அழைத்தாள். இரண்டாவது எச்சரிக்கை. படிவத்தில், ‘ஊழியர் சொன்ன வார்த்தை’ என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தச் சொல்லை எப்படி எழுதுவதென்று தெரியாமல் அவளுடைய பேனா அங்கே வந்து நின்றுவிட்டது. நான் அதை வாங்கி, அந்தக் கட்டத்தில் தமிழிலேயே எழுதினேன்: நாவப்பழம். கீழே என் கையெழுத்தையும் போட்டேன்.