வாசகப் பட்டியலில் நான் அடித்த பெயர்

மூன்று வருடங்களுக்கு முன், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் நடந்தது இது. ஊர் மலேசியாவில் யோங் பெங். நான் இங்கே ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பேக்கிங் பகுதிக்கு சூப்பர்வைசர். எங்கள் சிறிய கத்தோலிக்கக் கோயிலில், தமிழ்ப் பூசைக்கு யார் எந்த வாரம் வேத வாசகம் வாசிப்பது என்ற பட்டியலைப் போடுவதும் நான்தான். வேலையிடத்தில் நாற்பது பேரை அதட்டி வேலை வாங்குகிற வாய், கோயிலுக்கும் கூடவே வரும். அதை வாசலில் விட்டுவிட்டு வர எனக்குத் தெரியாது.

வாசிப்பவர்களில் ஒரு பெண் இருந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர். சிங்கப்பூரில் பதினைந்து வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்து, இடுப்பு போய், ஊர் திரும்பி பாலர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தவர். அதிகம் பேசமாட்டார். ஆனால் வாசகம் வாசித்தால் குரல் கணீரென்று இருக்கும். அந்த வருடம் புத்தாண்டு முடிந்த கையோடு, அவர் சுருட்டிய பாயுடன் எங்கள் தாமான் குடியிருப்பின் பாலாய் ராயாவுக்குள் போவதைப் பார்த்தேன். அந்தப் பொது மண்டபத்தில் காலை யோகா வகுப்பு. வந்தவர்களில் பெரும்பாலோர் இந்துப் பெண்கள். அவர்கள் 'ஓம்' என்று தொடங்குவது சாலை வரை கேட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த பூசை முடிந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ஃபாதர் சொல்லிட்டாரும்மா, யோகாவுக்குப் போறவங்க வாசகம் வாசிக்க வேணாம்னு."

ஃபாதர் அப்படி எதுவும் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேறு ஊரிலிருந்து வந்து பூசை வைத்துவிட்டுப் போகிறவர் அவர். இங்கே யோகா வகுப்பு நடப்பதே அவருக்குத் தெரியாது. நான் சொன்னால் நாலு பேர் எதிர்த்துப் பேசுவார்கள், ஃபாதர் சொன்னார் என்றால் அடங்கிவிடுவார்கள். அதனால் வாயில் வந்த பொய். அவர் "சரிக்கா" என்று மட்டும் சொன்னார். நான் வீட்டுக்குப் போய்ப் பட்டியலில் அவர் பெயரை அடித்தேன். கோயிலையே கூட்டிப் பெருக்கிவிட்ட திருப்தி எனக்கு.

அதன் பிறகு அவர் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். நற்கருணை வாங்க எல்லாரும் வரிசையில் போகும்போது அவர் மட்டும் எழுந்திருக்கமாட்டார். ஆண்டவரின் உடலாக வாங்கும் அந்த அப்பத்தை நாங்கள் பேச்சில் நன்மை என்போம். கத்தோலிக்கர்களுக்கு அதைவிடப் பெரிது எதுவும் இல்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லவும் செய்தேன்.

தவக்காலம் வந்தது. வழக்கம்போல் இறைச்சியை விட்டேன், காலைக் காபியையும் குறைத்தேன். வாய்க்கு மட்டும் விரதம் கிடையாது. வெள்ளிக்கிழமை மாலைகளில் சிலுவைப் பாதை நடக்கும். ஆண்டவர் சிலுவை சுமந்து போனதை நினைக்கும் பதினான்கு இடங்கள். ஒவ்வொன்றிலும் முழந்தாளிட்டு எழவேண்டும். முன்னால் நின்று செபத்தை நடத்துவது நான்தான். இரண்டாவது வெள்ளிக்கிழமை ஒன்பதாம் இடத்தில், அதாவது ஆண்டவர் மூன்றாம் முறை விழுந்த இடத்தில், இடுப்பில் சுளீரென்று ஏதோ பிடித்துக்கொண்டது. ஆண்டவர் எழுந்து நடந்தார். நான் எழவில்லை.

இரண்டு பேர் என் கையைப் பிடித்துத் தூக்க வந்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து அந்தப் பெண் விறுவிறுவென்று வந்து அவர்களைத் தடுத்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சை மெதுவாக வெளியே விடச் சொன்னார். பிறகு ஒரு பக்கமாகச் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக எழ வைத்தார். ஏறக்குறைய கால் மணி நேரம் ஆனது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டர் சோதித்து, எலும்பில் ஒன்றுமில்லை, தசைதான் இறுகிப் போயிருக்கிறது என்றார். வலிக்கு மாத்திரை கொடுத்து, தினமும் உடம்பை அசைத்துப் பயிற்சி செய்யச் சொன்னார். வலிக்குப் போடும் கோயோக் பிளாஸ்டர் ஒட்டாத இடமில்லை. நான்காம் நாள் காலை ஆறரைக்குக் கேட் தட்டும் சத்தம். அதே பெண், அதே பாய். வேலைக்குப் போகும் முன் அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றார். எனக்குக் கூசியது. ஆனால் வலி என்னைவிடப் பெரியது, ஒப்புக்கொண்டேன்.

முழங்காலை மடித்துப் படுப்பது, முதுகைப் பூனைபோல் வளைப்பது, இவ்வளவுதான் பயிற்சி. மூச்சை இழுக்கும்போது மனதுக்குள் "இயேசுவே" என்றும், விடும்போது "இரக்கம் வையும்" என்றும் சொல்லச் சொன்னார். அங்கேயும் இப்படித்தான் செய்வாயா என்று கேட்டேன். வகுப்பில் எல்லாரும் ஓம் சொல்லும்போது இவர் மனதுக்குள் இதைச் சொல்வாராம். சொல்லிக்கொடுக்கும் அம்மாவுக்கும் அது தெரியுமாம், அவரும் ஒன்றும் சொல்வதில்லையாம்.

"மூச்சு ஆண்டவர் குடுத்ததுதானேக்கா," என்றார்.

அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இது எனக்கு அன்றே தெரிந்திருக்கும்.

இரண்டு வாரத்தில் இடுப்பு இளகியது. மனசுதான் இறுகியது. கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் மனம் அமைதியாகும் என்பார்கள். எனக்கோ ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தப் பொய்தான் மேலே வந்தது. "இரக்கம் வையும்" என்று சொல்ல நாக்கு கூசியது, பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரிந்ததால்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத் திங்கட்கிழமை ஃபாதர் பாவசங்கீர்த்தனம் கேட்க வந்தபோது, எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். எத்தனை செபமாலை சொல்லச் சொல்வாரோ என்று காத்திருந்தேன். ஃபாதரோ, "என்கிட்ட சொல்லிட்டீங்க. அவங்ககிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?" என்று கேட்டார்.

மறுநாள் காலை பயிற்சி முடிந்து எழுந்து உட்கார்ந்ததும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். யோகா பற்றி ஃபாதர் எதுவும் சொல்லவில்லை, அது என் பொய் என்று. அவர் பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அன்னையிலேர்ந்து நான் நன்மை வாங்கலக்கா. ஃபாதருக்கே நான் ஆகாதவள்னா, அவர் முன்னாடி போயி எப்படிக் கை நீட்டுறது?"

நான் அழுதேன். அவர் அழவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். புதன் வரவில்லை, வியாழன் வரவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலிலும் அவரைக் காணவில்லை. என்ன செய்தும் அந்த மூன்று மாதத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பது அந்த நாட்களில்தான் எனக்கு உறைத்தது. யார் யாரிடம் அவரைப் பற்றிப் பேசியிருந்தேனோ, அவர்கள் ஒவ்வொருவரிடமும் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஒருத்தி, "அலமாக், நீங்களாக்கா?" என்று அதிர்ந்தாள். ஆமாம், நானேதான் என்றேன். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

ஈஸ்டர் ஞாயிறு காலைப் பூசைக்கு அவர் வந்திருந்தார். அவரே ஃபாதருக்குப் போன் செய்து பேசியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. நற்கருணை நேரத்தில் எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். வரிசை என்னைத் தாண்டிப் போனது. கடைசி ஆளாக அவர் வந்தார். இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டு, என் பக்கம் பார்க்காமலே போனார்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது என்னருகே ஒரு நிமிடம் நின்றார். மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை.

"நாளைக்கு ஆறரைக்கு வர்றேன். ஒரு டம்ளர் வெந்நீர் மட்டும் குடிச்சிட்டு வெறும் வயித்தோட இருங்க," என்றார்.

இன்றும் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் பயிற்சி செய்கிறோம், அவர் பழையபடி வாசகமும் வாசிக்கிறார். ஒருவரை ஆண்டவரிடமிருந்து மூன்று மாதம் தள்ளிவைக்க என்னுடைய ஒரு வாக்கியம் போதுமாயிருந்ததே என்று நினைக்கும்போது இன்னும் பயமாக இருக்கிறது. உடம்பு சுத்தமாக ஒரு டம்ளர் வெந்நீரும் வெறும் வயிறும் போதும், என் வாய் சுத்தமாக ஒருத்தி முன்னால் தலைகுனிய வேண்டியிருந்தது.