வலைக்குப் போன இரும்புக் குழாய்

முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது எழுந்த அந்த 'டக் டக்' சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எழுபதுகளின் தொடக்கம் அது. பேரிங் போயிருந்தது. வண்டி என் அக்கா வீட்டுக்காரருடையது. பழவேற்காட்டில் வீடு, கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வேலை. மாமாவுக்கு அந்த மோட்டார் சைக்கிள் மேல் இருந்த பாசத்தை அக்கா என்னிடம் புகாராகவே சொல்லியிருக்கிறாள். மறுநாள் ஞாயிறு, சோழவரத்தில் மோட்டார் பந்தயம். போகும்போது அவர் ஓட்டுவார், திரும்பும்போது நான் ஓட்டலாம் என்று சம்மதம் வாங்கவே ஆறு மாதம் ஆகியிருந்தது. சக்கரம் ஆடும் வண்டியை அவர் எடுக்க மாட்டார். ஆகவே, பாலிடெக்னிக் கடைசி வருட மாணவனான நான் ஸ்பானரை எடுத்தேன்.

அச்சை உருவி, பழைய பேரிங் இரண்டையும் தட்டி எடுத்தேன். இரண்டுக்கும் நடுவே விரல் நீளத்தில் ஓர் இரும்புக் குழாய் இருந்தது. கழற்றியதையெல்லாம் வரிசை தப்பாமல் செய்தித்தாள்மேல் வைத்துவிட்டு, புத்தகத்தில் உள்ளபடியே செய்த பெருமையோடு சாப்பிடப் போனேன். இறால் குழம்பு. திரும்பி வந்து, பொன்னேரியில் வாங்கிய புது பேரிங்குகளில் கிரீஸ் அடைத்துப் பூட்டினேன். விரலால் தட்டினாலே சக்கரம் சுற்றியது. நட்டை முறுக்கினேன், நின்றுவிட்டது. தளர்த்தினால் சுற்றும், முறுக்கினால் நிற்கும். புது பேரிங் இறுக்கமாகத்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று சின்னதாக ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். மாமா பொறுமையாகக் கேட்டார்.

"சரிதான் மச்சான், ஓடுனா சரியாப்பூடும். ஓட மாட்டேங்குதே, அதுக்கு இன்னா சொல்றாங்க உங்க பாலிடெக்னிக்ல?"

அப்போதுதான் குழாய் ஞாபகம் வந்தது. நட்டு முறுக்கும்போது இரண்டு பேரிங்கும் ஒன்றையொன்று நெருக்காமல் தாங்குவது அதுதான். செய்தித்தாளில் அது இல்லை. காலையெல்லாம் வாசலில் வலை சீர்செய்துகொண்டிருந்த மாமாவின் அப்பாவிடம் கேட்டேன். வலையின் அடிக்கயிற்றில் ஓரிடத்தில் எடை குறைந்திருந்ததாம். அந்தக் குழாயை எடுத்துக் கட்டிவிட்டார். வலை மதியமே ஏரிக்குப் போய்விட்டது.

"ஓட்ட போட்ட இரும்பு, தம்பி. வலைக்கின்னே செஞ்சா மாரி இருந்துச்சு. நீ வேணாம்னு கடாசிட்டியேன்னு நெனச்சேன்."

ஞாயிறு விடியும்போதே கரையில் நின்றோம். படகு வந்ததும் எல்லாரும் மீனைப் பார்த்தார்கள். நான் மட்டும் அடிக்கயிற்றைத் தடவிக்கொண்டே போனேன். குழாய் இருந்தது, உள்ளே பாசியோடு. ஆனால் பெரியவர் அவிழ்க்க விடவில்லை. வலை இவ்வளவு ஒழுங்காகத் தரையில் படிந்ததே இல்லையாம். பந்தயம் தொடங்கும் நேரத்தை நான் மணலில் எழுதாத குறை. கடைசியில் மாமா வீட்டுக்குப் போய்ப் பழைய பேரிங் இரண்டையும் எடுத்துவந்து பதிலுக்கு நீட்டினார். பெரியவர் ஒன்றை விரலில் மாட்டிச் சுற்றினார். காதருகே வைத்துக் கேட்டார்.

"இன்னாடா, இது ஆடுது?"

"தண்ணிக்குள்ள அத்த யாரும் ஓட்டிக்கினு போகப்போறதில்ல, நைனா."

குழாயைக் கழுவி, உள்ளே வைத்துப் பூட்டினேன். நட்டை முழுக்க முறுக்கிய பிறகும் சக்கரம் சுற்றியது. மாமா அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு சாவியை என் கையில் வைத்தார்.

"போகும்போதும் நீயே ஓட்டு, மச்சான்."

ஆறு மாதம் கெஞ்சியது இப்படி இரட்டிப்பாகக் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. நான் வண்டியை உதைத்துக் கிளப்பித் திரும்பிப் பார்த்தால், அவர் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

பிற்பாடு எத்தனையோ வண்டிகள் ஓட்டிவிட்டேன். என் ஓட்டத்தை அவ்வளவு அக்கறையாக யாரும் பார்த்ததில்லை. சோழவரம் வரைக்கும் அந்த பஸ்ஸின் பின்னாலேயே போனேன். கடைசி இருக்கையில் மாமா பஸ்ஸின் பின்கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கையசைத்தேன். அவர் கவனிக்கவில்லை, முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.