சுவர் உள்ள செல்

என் மனைவிக்கு இதுவரை இரண்டு உத்தியோகம் வாய்த்திருக்கிறது. முதல் பதினோரு வருஷம் ஒரு கல்லூரியில் வெங்காயம் உரித்தாள். அடுத்த ஒன்பது வருஷமாக ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் காறித் துப்பியதற்குச் சாயம் போட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்டால் சிரிப்பு வரும். நானும் சிரித்தவன்தான். கிழிந்த சோபாவுக்கு உறை மாற்றிப் பிழைக்கிறவன் நான். என் தொழிலைக் கேட்டு யாரும் எழுந்து நிற்கப் போவதில்லை. இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா?

கல்லூரியில் அவளுக்குத் தாவரவியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. படிப்பு பத்தாவது வரைதான். செய்முறை வகுப்பு நடக்கும் நாட்களில் வெங்காயத்தை நறுக்கி, ஒவ்வொரு இதழின் உள்பக்கத்திலும் ஒட்டியிருக்கும் கண்ணாடி போன்ற சவ்வை இடுக்கியால் உரித்து, சுருங்காமல் மடங்காமல் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். நாற்பது மாணவர்களுக்கு நாற்பது துண்டு, கிழிக்கிறவர்களுக்காக உபரியாகப் பத்து. பிள்ளைகள் அவளுக்கு வெங்காய அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல்வரே ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாராம்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, மைக்ராஸ்கோப்புகளைத் துடைத்து உறை போடுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் ஒரு நிமிஷம் கண்ணை வைத்துவிட்டுத்தான் வருவாள். யாரும் பார்க்கச் சொல்லவில்லை, பார்க்காதே என்றும் சொல்லவில்லை. அயோடின் சொட்டு விட்ட வெங்காயச் சவ்வு, வரிசையாகச் செங்கல் அடுக்கியது மாதிரி இருக்குமாம். ஒவ்வொரு செங்கலுக்குள்ளும் ஓரமாக ஒரு பொட்டு; அது உட்கரு. நீர்ச்செடியின் இலையை வைத்தால் பச்சை மணிகள் சுவரை ஒட்டியே ஊர்ந்து போகும். நடுவில் பெரிய தண்ணீர்ப் பை அடைத்துக்கொண்டிருப்பதால் அவற்றுக்கு ஓரத்தில்தான் வழி. அந்தப் பை நிறைந்து சுவரை உள்ளிருந்து தள்ளுவதால்தான் கீரைத்தண்டு விறைப்பாக நிற்கிறது, பை வற்றினால் துவள்கிறது என்று, நான் சந்தையிலிருந்து வாடிய கீரை வாங்கி வந்த ஒரு நாளில் எனக்குப் பாடம் எடுத்தாள். அன்றைக்குத் திட்டு கொஞ்சம், பாடம் கொஞ்சம்.

மாணவர்கள் தங்கள் கன்னத்தின் உள்பக்கத்தைக் குச்சியால் லேசாகச் சுரண்டி, நீலச் சாயம் விட்டுப் பார்ப்பார்கள். அது மனுஷ செல். அதற்குச் செங்கல் வடிவமெல்லாம் கிடையாது. மெல்லிய சவ்வுதான் எல்லை. ஒன்றின்மேல் ஒன்று கவிழ்ந்து, ஓரம் மடிந்து, போட்டது போட்டபடி கிடக்கும். என்ன வித்தியாசம் என்று நான் கேட்டதற்கு அவள் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

"செடி நின்ன இடத்துலயே நிக்கணும், அதுக்குச் சுவர் வேணும். நாம நடக்கணும், குனியணும், சிரிக்கணும். செல்லுக்குச் செல் சுவர் வச்சா நமக்கு ஆகுமா?"

"அப்ப உங்கப்பாவுக்கு மட்டும் வச்சிருக்காங்க போல. ஒரு நாள்கூட சிரிச்சு நான் பார்த்ததில்ல" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இன்னொன்றும் சொல்லிச் சிரிப்பாள். ஆய்வகச் சுவரில் செல்லின் பெரிய வண்ணப்படம் ஒன்று தொங்குமாம். செல்லுக்குச் சக்தி கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா, உள்ளே மடிப்பு மடிப்பாக, அதில் அழகாக இருக்கும். அந்த மைக்ராஸ்கோப்பில் அந்த மடிப்பெல்லாம் தெரியவே தெரியாது. ஆனால் மாணவர்கள் ஒருவர் விடாமல் வெங்காயச் செல்லுக்குள் அதை வரைந்து, பார்த்ததாக எழுதி, கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். "கண்ணால பார்க்காததை வரையக் கூடாது" என்பது அவள் கட்சி. மதிப்பெண் போடுகிற இடத்தில் இல்லாததால் அந்தக் கட்சிக்கு அவள் ஒருத்திதான் உறுப்பினர்.

அந்த வேலை போனதும் ஆறு மாதம் பயிற்சி எடுத்து ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள். நோயாளிகளின் சளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகத் தடவி, சாராயக் கரைசலில் நனைத்து, நீலச் சாயத்திலும் ஆரஞ்சுச் சாயத்திலும் பச்சைச் சாயத்திலும் முறைப்படி முக்கி எடுக்க வேண்டும். உட்கரு கருநீலமாகவும் சுற்றியுள்ளது வேறு நிறமாகவும் தெரியும். சாயம் போடுவது இவள் வேலை. பார்த்து நோயைச் சொல்வது டாக்டரின் வேலை. சாயம் பிடித்திருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் இவளும் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். ஆனால் ஒன்பது வருஷத்தில் ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. கெட்டுப்போன உட்கரு எப்படி உப்பிக் கறுத்திருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்கு வந்து பேசாமல் துணி மடித்தால் அன்றைக்கு யாருக்கோ நேரம் சரியில்லை என்று புரிந்துகொள்வேன்.

போன வருஷம் எனக்கு இருமல் வந்து பிடித்துக்கொண்டது. சோபாவைப் பிரித்தால் பஞ்சும் தூசியும் பறக்கும், அதனால் வருவதுதான் என்று இருந்தேன். இரண்டு மாதம் ஆகியும் விடவில்லை. எக்ஸ்ரேயில் வலது பக்கம் லேசான நிழல் ஒன்று தெரிந்தது. சளியைப் பரிசோதிக்கச் சொன்னார்கள். என் மனைவி மூடிபோட்ட டப்பா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மூன்று தடவை சொன்னாள். காலையில் எழுந்ததும் எதுவும் சாப்பிடாமல், வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, அடி நெஞ்சிலிருந்து இருமித் துப்ப வேண்டும். மறுநாள் அவளுக்குக் காலை முறை. நான் எழுந்திருக்கும் முன்பே கிளம்பிவிட்டாள். டப்பாவை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது என் பொறுப்பு.

நான் எழுந்தேன். பசித்தது. குளிர்பெட்டியில் அவித்த பட்டாணி இருந்தது. சளி வருவது நெஞ்சிலிருந்து, பட்டாணி போவது வயிற்றுக்கு, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று என் அறிவு எனக்கு எடுத்துச் சொன்னது. ஒரு பிடி அள்ளிப் போட்டுக்கொண்டேன். அப்புறம் இருமித் துப்பி, மூடியை இறுக்கி, கொண்டுபோய்க் கொடுத்தேன். கொப்பளித்தீர்களா, எதுவும் சாப்பிடவில்லையே என்று சாயங்காலம் கேட்டாள். திட்டு வாங்கப் பயந்து, கொப்பளித்தேன், பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றேன்.

நான்கு நாளில் முடிவு வந்தது. புற்றுநோய் என்று சந்தேகிக்கத்தக்க செல்கள் உள்ளன. பெரிய ஆஸ்பத்திரியில் நுரையீரலுக்குள் குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. பார்த்தவர் புதிதாக வந்த டாக்டரம்மா. அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நாள் குறித்தார்கள்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. என் அண்ணன் வந்து உட்கார்ந்து, நான் சின்ன வயதில் எவ்வளவு நல்லவன் என்று சொல்ல ஆரம்பித்தார். வாழ்நாளில் என்னை அவர் நல்லவன் என்று சொன்னது அப்போதுதான். பாதி பிரித்துப் போட்டிருந்த சோபா கடையில் அப்படியே கிடந்தது. பட்டாணி என் ஞாபகத்திலேயே இல்லை. சாகப் போகிறவனுக்குப் பட்டாணி ஞாபகமா வரும்? என் மனைவி அழவில்லை. துணி மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

அவள் என் தகட்டைப் பார்த்திருக்கவில்லை. சொந்தக்காரர்களின் சளி வந்தால் உடன் வேலை செய்கிற பெண்ணிடம் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். அந்தப் பெண்தான் சாயம் போட்டாள். திங்கட்கிழமை மதியம், தகட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப எண் சரிபார்க்கும்போது அது இவள் கைக்கு வந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். டாக்டரம்மா மையால் புள்ளி வைத்திருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே நான்கைந்து பெரிய செல்கள், ஆரஞ்சு நிறத்தில், உள்ளே கருப்பாக அடைத்துக்கொண்டு பயமுறுத்திக்கொண்டிருந்தன. ஆனால் ஒவ்வொன்றையும் சுற்றிப் பளபளவென்று இரட்டைக் கோடு. பதினோரு வருஷம் வெங்காயத்தில் பார்த்த கோடு.

உடனே எனக்குப் போன் வந்தது.

"அன்னைக்குக் காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலன்னு அன்னைக்கே சொன்னேனே."

எதற்கு அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஒருதரம் சொன்ன பொய் நாக்கில் ஒட்டிக்கொண்டு தானாக வந்துவிட்டது. அவள் போனை வைத்துவிட்டாள்.

அப்புறம் நடந்ததை, உடன் வேலை செய்யும் அந்தப் பெண்தான் பிற்பாடு எனக்குச் சொன்னாள். போனை வைத்ததும் என் மனைவி அந்தத் தகட்டை இன்னொரு தடவை பார்த்தாளாம். பார்த்தது உண்மையா, பார்க்க ஆசைப்பட்டதா என்று அவளுக்கே சந்தேகம். பெற்ற பிள்ளைக்கும் கட்டினவனுக்கும் நோய் இல்லை என்று சொல்லத் துடிக்கிற கண்ணை நம்பலாமா? அந்த வாரம் வீட்டில் என்ன இருந்தது என்று யோசித்தாள். நேராகக் கேன்டீனுக்குப் போய் அவித்த பட்டாணி வாங்கினாள். வாயில் போட்டு மென்றாள். தகட்டில் துப்பினாள். என் சளிக்குப் போட்ட அதே சாயங்களை, அதே வரிசையில், அதே நேரக் கணக்கில் போட்டாள். பிறகு எண் எழுதிய இடத்தைக் காகிதம் ஒட்டி மறைத்து, அதையும் என் தகட்டையும் வேறு இரண்டு நோயாளிகளின் தகட்டையும் சேர்த்து, நான்கிலும் ஒரே மாதிரி மைப்புள்ளி வைத்துக் கலந்து, எது எது என்று தனக்கே தெரியாதபடி அந்தப் பெண்ணிடம் கொடுத்து மாற்றி வைக்கச் சொன்னாள். நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இரண்டைத் தனியே எடுத்து வைத்தாள். காகிதத்தைக் கிழித்தால் ஒன்று அவள் மென்றது, இன்னொன்று நான் துப்பியது.

கடைசியாக, என் டப்பாவில் மிச்சமிருந்ததில் ஒரு துளி எடுத்து, வெங்காயக் காலத்துப் பழக்கப்படி, அயோடின் விட்டாள். அதே இரட்டைக் கோட்டுச் செல்களுக்குள் நீலக் கறுப்பாக மணி மணியாக எழுந்தது. மாவுச்சத்து. செடி தன் சாப்பாட்டை அப்படித்தான் சேர்த்து வைக்கும். மனுஷ செல் மாவுச்சத்து சேர்த்து வைப்பதில்லை.

மூன்றையும் தட்டில் வைத்து டாக்டரம்மாவின் மேஜைக்கு எடுத்துப் போனாள். சாயம் போடுகிறவர் தகட்டைப் பார்த்து நோய் சொல்ல வேண்டியதில்லை என்று அவர் எரிச்சலாகத்தான் ஆரம்பித்தாராம். இவள் வாதாடவில்லை. "நான் எதுவும் சொல்லல டாக்டர். நீங்களே பாருங்க" என்று மட்டும் சொன்னாள். டாக்டரம்மா பார்த்தார். தகட்டை மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு எழுந்து, இவளுக்குத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து செவ்வாய்க்கிழமையை நிறுத்தினார். திருத்திய முடிவைத் தன் கையாலேயே எழுதினார். அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். தப்பை ஒத்துக்கொள்ள எனக்கு அதைவிட அதிக நாள் பிடித்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"பட்டாணி எவ்வளவு சாப்பிட்டீங்க?"

"ஒரு பிடி" என்றேன்.

அப்போதுதான் அழுதாள். அத்தனை நாள் அழாததையும் சேர்த்து அழுதாள். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. பிழைத்துக்கொண்டோம் என்று சிரிக்கப் போனேன், அவள் விடவில்லை. பட்டாணி இருந்தது என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது, நிழல் அப்படியேதான் இருக்கிறது, மூன்று நாள் காலையில் மறுபடி எடுக்க வேண்டும் என்றாள். சந்தோஷத்தைக்கூடச் சரிபார்க்காமல் வாங்க மாட்டாள்.

அந்த மூன்று காலையும் குளியலறை வாசலில் காவல் நின்றாள். நான் கொப்பளிப்பதை எண்ணினாள். இந்தத் தடவை உடன் வேலை செய்யும் அந்தப் பெண் டப்பாவுக்குக் கை நீட்டியபோது இவள் கொடுக்கவில்லையாம், தானே சாயம் போட்டாளாம். டாக்டரம்மாவும் விடுப்பிலிருந்து திரும்பிய மூத்த டாக்டரும் தனித்தனியாகப் பார்த்தார்கள். தூசி தின்ற செல்கள் இருந்தன, சீழ் செல்கள் இருந்தன; கெட்ட உட்கரு ஒன்றுகூட இல்லை. நெஞ்சில் கிருமித் தொற்றுதான் என்று மருந்து கொடுத்தார்கள், சாப்பிட்டேன். ஆறாவது வாரம் எக்ஸ்ரேயில் நிழலும் போய்விட்டது. இப்போது மூக்கைக் கட்டிக்கொண்டுதான் சோபாவைப் பிரிக்கிறேன்.

நிழல் போன அன்றைக்கு இரண்டு பேரும் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வந்தோம். பல நாளாக மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அந்த மூணு நாளும் நீயே சாயம் போட்டியாமே. நெசமாவே நோய் இருந்திருந்தா? நீதானே முதல்ல பார்த்திருப்ப?"

அவள் நடையை நிறுத்தவில்லை.

"அதுக்குத்தான் கொடுக்கல" என்றாள். "நீங்க சாகப் போறீங்கன்னு முதல் தடவை ஒரு காகிதத்துல படிச்சேன். இன்னொரு தடவை அப்படித் தெரிஞ்சுக்க என்னால முடியாது."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரும்வரை விடவில்லை.