அய்யாவின் தாடியும் நான் வாங்கிய கற்களும்

கரிசல்காட்டில் பிறந்தவனுக்குக் கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாகலாபுரத்துப் பக்கம் எங்கள் நிலத்தில் நாயை விரட்டக் குனிந்தால் கையில் வருவது மண்ணாங்கட்டிதான். எறிந்தால் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும். நாயும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளாது. அப்படிப்பட்ட நான், போன வருஷம் சவரக்கத்தி தீட்டும் கல்லுக்காக ஒரு மாதத்துக்கு மேல் அலைந்தேன்.

கத்தி என் அய்யாவுடையது. அம்மா போன பிறகு ஊரில் தனியாக இருந்தார். கை நடுக்கம் வந்து, சாப்பிடும்போது ரசம் வேட்டியில் சிந்த ஆரம்பித்ததும், கோவில்பட்டிக்கு என் வீட்டுக்கே அழைத்து வந்தேன். சாமான் ஏற்றி வந்த குட்டியானை வண்டி எட்டையபுரம் தாண்டி ஒரு வேகத்தடையில் குதித்ததில், அவர் கத்தி தீட்டுகிற கல் இரண்டாகப் போயிற்று. அன்றோடு சவரம் செய்வதை நிறுத்திவிட்டார். கேட்டால் கல் இல்லை என்பார்.

எங்கள் பக்கம் பெரிய மனுஷன் தாடியோடு இருந்தால் ஒன்று துக்கம், இல்லையென்றால் திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அம்மா போன துக்கமெல்லாம் எப்போதோ கழிந்துவிட்டது. சாமியிடம் போய் எதையும் கேட்டு நிற்கிற ஆளும் அவர் இல்லை. இந்த நேரம் பார்த்து என் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தோம். தாத்தாதான் தட்டு மாற்ற வேண்டும், வேறு யார் மாற்றினாலும் எனக்கு வேண்டாம் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். தாடியோடு சபையில் உட்கார மாட்டேன், அன்றைக்குப் பின்னறையில் படுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம், ஒரே ரத்தம். நடுவில் நான்.

சலூனுக்குக் கூப்பிட்டேன். கண்டவனிடம் கழுத்தை நீட்டுவதற்குத் தான் என்ன கிடாயா என்று கேட்டார். வாழ்நாள் முழுக்கத் தன் முகத்தைத் தானே மழித்துக்கொண்டவர். மகள் ட்ரிம்மர் வாங்கி வந்தாள். அதன் இரைச்சலைக் கேட்டுவிட்டு, ஸ்பின்னிங் மில்லில் ஓட வேண்டியதை மூஞ்சியில் ஏன் ஓட்டுகிறீர்கள் என்றார். கடைசியில் பேசிப் பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். அவருடைய கத்தியால் நானே அவருக்கு மழித்துவிடலாம். ஆனால் கூர் சரியாக இருக்கிறதென்று அவர் சொன்ன பிறகுதான்.

இவ்வளவுதானே என்று நினைத்தேன். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கெழுதுகிறவனுக்குத் தன்னம்பிக்கைக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

முதலில் பஜாரில் ஒரு இரும்புக் கடை. அங்கே இருந்த அண்ணாச்சி இரண்டு பக்கமும் உரசக்கூடிய கறுப்புக் கல் ஒன்றை எடுத்துப் போட்டார். அரிவாள், கறிக்கத்தி, சவரக்கத்தி எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்றார். பல்வலி என்று போயிருந்தாலும் அதையேதான் கொடுத்திருப்பார். வீட்டுக்கு வந்து எண்ணெய் விட்டுத் தீட்டினேன். அய்யா கத்தியை வாங்கிக் கட்டைவிரல் நகத்தில் மெல்ல வைத்துப் பார்த்தார்.

"இத வச்சு உடைமரம் வெட்டலாம்லே," என்றார்.

அப்புறம் செல்போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். நெஞ்சுவரை தாடி வளர்த்த ஒரு வெள்ளைக்காரன் சவரக்கத்தி தீட்டுவதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறான். தாடியைப் பார்த்தே நான் சுதாரித்திருக்க வேண்டும். ஆனாலும் அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. நம்பர் கூடக்கூடக் கல் நைசு. ஆயிரத்தில் கூர் எடுத்து, எட்டாயிரத்தில் மெருகேற்ற வேண்டும். கல் பார்க்க அழகாக இருப்பதில் ஒன்றுமில்லை. ஸ்கேலை வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் குழி விழுந்த கல்.

ஆயிரம் நம்பர் கல் ஒன்று தபாலில் வந்தது. அதை முதலில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். எங்கள் தெருவில் போர் தண்ணீரில் எதை ஊறப்போட்டாலும் காய்ந்ததும் உப்புப் பூத்துவிடும். அதனால் கேன் தண்ணீரை ஊற்றினேன். அடுப்படியில் இருந்து என் மனைவி பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "நாம குடிக்கதுக்குக் கேன் வாங்குதோம், இவிய கல்லக் குளிப்பாட்டுதாவ," என்றாள்.

கூர் வந்தது, மெருகு வரவில்லை. எட்டாயிரத்துக்குப் போகாமல் சமாளித்துவிடலாம் என்று எனக்கு ஒரு புத்தி வந்தது. பூஜை அலமாரியில் சந்தனக்கல் இருந்தது. தேய்ந்து தேய்ந்து கன்னம் மாதிரி வழவழப்பாக இருக்கும். ஒரு வியாழக்கிழமை யாரும் இல்லாத நேரம் அதில் தீட்டிவிட்டு, கழுவாமல் வைத்துவிட்டேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. முருகன் நெற்றியில் சந்தனம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"சாமிக்குச் சந்தனம் ஒரசுத கல்லுல மயிர் வழிக்கிற கத்தியத் தீட்டியிருக்கீங்களே, நீங்கள்லாம் ஒரு மனுஷனா?" என்று கேட்டாள் மனைவி. முருகனும் மழுமழுவென்று சவரம் பண்ணின முகத்தோடுதானே இருக்கிறார், அவருக்கு இதெல்லாம் புரியும் என்றேன். அதற்கப்புறம் வந்த சாப்பாட்டில் உப்பு இல்லை. போதாக்குறைக்குச் சந்தனக்கல் கத்தியையும் கெடுத்துவைத்தது. அய்யா நகத்தில் வைத்த உடனேயே திருப்பித் தந்துவிட்டார்.

நிச்சயதார்த்தம் நெருங்கிவிட்டது. மகள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. தாத்தாவின் தாடியைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். எட்டாயிரம் நம்பர் கல்லையும் வாங்கிவிட்டேன். வெண்ணெய் நிறத்தில் இருந்தது. மொட்டைமாடியில் உட்கார்ந்து, எழுதுகோல் பிடிப்பதுபோல் விரல்நுனியில் கத்தியைப் பிடித்து, கனம் கொடுக்காமல் அதில் இழுத்து இழுத்துப் பழகினேன். கடைசியில் என் பழைய தோல் பெல்ட்டிலும் இழுத்தேன். என் முன்கையில் வைத்தேன். தொட்டது தெரியவில்லை, முடி மட்டும் போயிருந்தது. அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. வீட்டில் என்னோடு பேசுகிற நிலைமையில் யாரும் இல்லை.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் கத்தியை அய்யாவிடம் கொடுத்தேன். இந்தமுறை நகத்தில் வைக்கவில்லை. இடது முன்கையில் வைத்தார். கை நடுங்கியது, ஆனாலும் கத்தி போன இடத்தில் நரைமுடி சத்தமில்லாமல் வேட்டிமேல் விழுந்தது. அதை மறு கையால் வேகமாகத் தட்டிவிட்டார்.

"பத்தாதுலே," என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "முடி விழுந்துட்டுல்லா. இன்னும் என்னய்யா பத்தல?"

அவர் கத்தியை மடக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் மடக்கி வாங்கிக்கொண்டேன். தெருப்பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"ஒங்கம்மகூட என் மூஞ்சியத் தொட்டது கெடையாதுலே."

ஒரு மாதமாக நான் கல்லைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கும் அது வசதியாக இருந்திருக்கிறது. கல் சரியில்லாத வரைக்கும் முகத்தை யாரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை. கோபம் போன இடம் தெரியவில்லை. இனி கேட்கக் கூடாது, தாடியோடு அவர் பின்னறையில் படுத்தாலும் பரவாயில்லை, மகளிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று எழுந்தேன்.

"தண்ணி கொண்டா," என்றார்.

சோப்பு நுரை போட்டேன். கன்னத்துத் தோல் தளர்ந்துபோயிருந்தது. ஒரு விரலால் இழுத்துப் பிடித்தால்தான் கத்தி ஓடும். தலையும் லேசாக நடுங்கியதால் உச்சியில் கைவைத்துப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வயதுக்கு அவர் முகத்தை நானும் அன்றுதான் தொட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கத்தி பிடித்தவன் கண்ணீர் விடுவது இரண்டு பேருக்குமே ஆபத்து என்பதால், நிறுத்தி, தோளில் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். கழுத்துக்கு வந்தபோது அவர் கண்ணை மூடி, தாடையைத் தானே தூக்கிக் கொடுத்தார். ஒரு கீறல் இல்லை.

மேலுதட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "மீசைய விடு. அத நான் பாத்துக்கிடுதேன்."

கத்தரிக்கோலும் கண்ணாடியுமாக உட்கார்ந்தவர் மதியச் சாப்பாடு வரை எழவில்லை. மீசை இடப்பக்கம் பாதி உதட்டோடு நின்றுவிட்டது, வலப்பக்கம் கடைவாய்வரை இறங்கியிருந்தது. போய்ச் சரிபண்ணிவிடுங்கள் என்று மனைவி என்னை இடித்தாள். சந்தனக்கல்லுக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான். இருந்தும் மாட்டேன் என்றேன்.

மறுநாள் சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து தட்டு மாற்றினார். தட்டு நடுங்கியது. மகள் ஓடிவந்து அதற்கடியில் கைகொடுத்தாள். எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். சம்பந்தி என் பக்கம் சாய்ந்து, மீசையை இப்படிக் கோணலாக வெட்டிவிட்டது எந்த சலூன் என்று விசாரித்தார்.

"அவியளே வெட்டுனது, அண்ணாச்சி," என்றேன்.