சமையலறைக்கு ஒரு ஜன்னல்

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்துச் சமையலறைக்கு ஜன்னலே கிடையாது. விறகுப் புகையில் அம்மாவுக்கு இருமல் முற்றிவிட்டது. அதனால் இன்று காலை நானும் கணவருமே சுவரை இடிக்கத் தொடங்கினோம்.

சத்தம் கேட்டு, தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வந்துவிட்டார்.

"யாரக் கேட்டு இடிக்கிறீங்க? லயம் தோட்டத்துக்குச் சொந்தம்."

கணவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

அம்மா மட்டும், "உள்ள வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கய்யா" என்றார்.

கணக்கப்பிள்ளை அடுப்பருகே உட்கார்ந்தார். தண்ணீர் கொதிக்கும் முன்பே கண்ணைத் துடைத்தபடி எழுந்துவிட்டார்.

"ஜன்னல் அளவுக்கு மட்டும் இடிங்க. தோட்டத்துத் தொரகிட்ட நான் பேசுறேன்."

மாலைக்குள் வேலை முடிந்தது. அம்மா அந்தத் திறப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். புகை வெளியே போகிறது, பனி உள்ளே வருகிறது. பழைய ஜன்னல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.